ஸ்டீவ் டிகோலோவுக்கு ஒரு நாற்காலி: ஐசிசிக்கு ஒரு திறந்த மடல்

ஐசிசி என்கிற சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் தலைவர் அவர்களுக்கும், பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் அரங்கத் தேர்வில் வாக்களிக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

நான் சென்னைக்காரன். கிரிக்கெட் பார்ப்பதைத் தவிர இந்த ஆட்டத்தோடு எனக்கு வேறு சம்பந்தம் கிடையாது. எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இல்லை, கென்யாவுக்குப் போனதும் இல்லை. ஆனாலும் பல வருடங்களாக மனதில் கிடக்கும் ஒன்றை உங்களிடம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன். கென்யாவின் பேட்ஸ்மேன் ஸ்டீவ் டிகோலோவை உங்கள் புகழ் அரங்கத்தில் சேருங்கள். கேட்பது இது ஒன்றுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

2011 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டம், கென்யாவும் நியூசிலாந்தும். நானும் அப்பாவும் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம். இந்தியா ஆடாத ஆட்டம், அதனால் பாதி நாற்காலிகள் காலி. கென்யா முதலில் ஆடியது. 23.5 ஓவரில் 69 ரன்னுக்கு ஆல் அவுட். நியூசிலாந்து 8 ஓவரில் விக்கெட் இழக்காமல் முடித்துவிட்டது. நாங்கள் சாயங்காலம்தான் வருவோம் என்று அம்மா எங்களுக்குச் சமைக்கவே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வாசலில் வந்து நின்றவர்களைப் பார்த்து, "என்ன, மழையா?" என்று கேட்டார்.

அன்று நடந்த ஒரு சின்ன விஷயம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. டிகோலோ ஆட்டமிழந்து தலையைக் குனிந்தபடி திரும்பிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பையன்கள், "இவங்களையெல்லாம் எதுக்குக் கூப்பிடுறாங்க?" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அந்த வரிசையில் அவர் ஒருவர்தான். பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்த பிறகு என்னிடம் மட்டும், "கண்டியில இவர் அடிச்சதப் பார்த்தவன்டா நான்" என்றார்.

டிவியில் பார்த்ததைத்தான் சொன்னார். 1996 மார்ச் 6. உலகக் கோப்பையில் கண்டியில் இலங்கை 5 விக்கெட்டுக்கு 398 அடித்த நாள். அரவிந்த டி சில்வா 145. ஒருநாள் ஆட்டத்தில் ஓர் அணி எடுத்த அதிகபட்ச ஸ்கோர் என்ற அந்தச் சாதனை பத்து வருடம் நின்றது. 399 ரன் துரத்தவேண்டிய அணி பொதுவாக என்ன செய்யும்? ஒப்புக்கு ஆடிவிட்டுப் போகும். கென்யா 7 விக்கெட்டுக்கு 254 எடுத்தது. அதில் டிகோலோ மட்டும் 96. சதத்துக்கு நான்கு ரன் குறைவு. அதற்குச் சரியாக 17 நாள் முன்புதான் கட்டாக்கில் இந்தியாவுக்கு எதிராகத் தன் முதல் ஒருநாள் ஆட்டத்தை ஆடியிருந்தார். கென்யாவுக்கே அதுதான் முதல் ஒருநாள் ஆட்டம். அதில் 65 அடித்தார்.

அந்த இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவில்தான் பூனா. 1996 பிப்ரவரி 29. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் டீக்கடை வாசலில் ஒரே கூட்டம். வெஸ்ட் இண்டீஸ் 93க்கு ஆல் அவுட்டாம் என்றார்கள். 193ஆக இருக்கும், யாரோ தவறாகக் கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். 93தான். கென்யா எடுத்ததே 166. அதிலும் உதிரி ரன்கள் 37தான் பெரிய கணக்கு, அடுத்து டிகோலோவின் 29. இந்த ஸ்கோரை வைத்துக்கொண்டு 73 ரன்னில் ஜெயித்தார்கள். கேப்டன் மொரிஸ் ஒடும்பே 10 ஓவரில் 15 ரன் கொடுத்து மூன்று விக்கெட். லாராவை ரஜப் அலி எடுத்தார். மட்டையில் உரசி வந்த பந்தைக் கண்ணாடி போட்ட, கொஞ்சம் கனத்த உடம்புக்காரரான விக்கெட் கீப்பர் தாரிக் இக்பால் எப்படியோ பிடித்துவிட்டார். அடுத்த பல நாட்களுக்கு எங்கள் தெருவில் விக்கெட் கீப்பராக நிற்கிற பையனுக்கெல்லாம் தாரிக் என்றுதான் பெயர்.

அன்று தோற்ற வெஸ்ட் இண்டீஸ் அணியில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். லாரா, ஆம்ப்ரோஸ், வால்ஷ், சந்தர்பால். நால்வருமே இன்று உங்கள் புகழ் அரங்கத்தில் இருக்கிறார்கள்.

ஏழு வருடம் கழித்து, 2003 பிப்ரவரி 24 அன்று, நைரோபி ஜிம்கானா மைதானத்தில் உலகக் கோப்பை ஆட்டம். கென்யா 9 விக்கெட்டுக்கு 210. கென்னடி ஒட்டியேனோ 60. இலங்கை 157க்குச் சுருண்டது. லெக் ஸ்பின்னர் காலின்ஸ் ஒபூயா 24 ரன்னுக்கு ஐந்து விக்கெட். அந்த இலங்கை அணியில் முரளிதரன், சங்கக்கார, ஜயவர்த்தன, அரவிந்த டி சில்வா எல்லோரும் இருந்தார்கள். முரளியை 2016இலும், சங்கக்கார, ஜயவர்த்தன இருவரை 2021இலும், அரவிந்தாவை 2023இலும் நீங்கள் அரங்கத்துக்கு அழைத்தீர்கள். தமிழனாக முரளியின் பெயரைப் படித்து மனம் நிறைந்தவன் நான். அவர்கள் நால்வருக்கும் உரிய இடம்தான் அது, மறுபேச்சே இல்லை.

ஆனால் பூனாவில் நால்வர், நைரோபியில் நால்வர் என்று இந்த எட்டுப் பேர் இருந்த அணிகளை உலகக் கோப்பையில் வீழ்த்திய இரண்டு அணிகளிலும் ஆடியவர் டிகோலோ. இரண்டாவது ஆட்டத்தில் அவர்தான் கேப்டன். அவர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்.

அதே தொடரில் கென்யா வங்கதேசத்தை ஜோஹன்னஸ்பர்கில் வென்றது. சூப்பர் சிக்ஸ் என்ற அடுத்த சுற்றில் ஜிம்பாப்வேயை ப்ளூம்ஃபான்டீனில் 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அரையிறுதிக்குப் போனது. டெஸ்ட் தகுதி இல்லாத ஒரு நாடு உலகக் கோப்பை அரையிறுதியில் ஆடியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நியூசிலாந்து நைரோபிக்கு வர மறுத்ததால் கிடைத்த புள்ளிகள்தான் காரணம் என்று இன்றுவரை சொல்கிறார்கள். அந்தப் புள்ளிகள் உதவின, உண்மைதான். ஆனால் இலங்கைக்கு எதிராக ஒபூயா எடுத்த ஐந்து விக்கெட்டை யாரும் விட்டுக்கொடுக்கவில்லையே! டர்பனில் நடந்த அரையிறுதியில் இந்தியா 270 எடுத்தது, கங்குலி ஆட்டமிழக்காமல் 111, சச்சின் 83. கென்யா 179க்கு அவுட். அன்றும் தனியாக நின்று 56 அடித்தவர் டிகோலோ. இந்தியா ஜெயித்ததில் துள்ளிக் குதித்த வீட்டில்தான் நானும் இருந்தேன். குதித்து முடித்த பிறகு அப்பா, "அந்த ஆளு கூட இன்னும் ரெண்டு பேர் நின்னிருந்தா நம்ம கதி?" என்றார்.

சரி, இப்போது உங்கள் அளவுகோலுக்கு வருகிறேன். 2009இல் அரங்கம் தொடங்கியபோது பேட்ஸ்மேனுக்கு நீங்கள் வைத்த கணக்கு, ஏதாவது ஒரு வகை ஆட்டத்தில் 8000 ரன்னும் 20 சதமும், அல்லது 50க்கு மேல் சராசரி. பந்துவீச்சாளருக்கு 200 விக்கெட். பெரிய நாடுகளுக்கு இது நியாயமான கணக்கு. டிகோலோ 1996இலிருந்து 2011 உலகக் கோப்பை வரை ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடினார். 3400 ரன்னுக்கும் மேல் எடுத்தார், சுழற்பந்து வீசி 90க்கும் மேற்பட்ட விக்கெட்டும் எடுத்தார். அவருக்குக் கிடைத்த ஒருநாள் ஆட்டங்கள் ஏறக்குறைய 130. வருடத்துக்குப் பத்துகூட இல்லை. சச்சின் ஆடியது 463. ஒருவருக்கு வருடத்துக்கு இருபதுக்கும் மேல், இன்னொருவருக்கு ஒன்பது. டெஸ்ட் என்றால் ஒன்றுகூட இல்லை. ஆட்ட அட்டவணையைப் போட்டவர்கள் ஐசிசியும் பெரிய நாடுகளின் வாரியங்களும். ஆட்டங்களைக் கொடுக்காமல் இருந்துவிட்டு, ரன் எங்கே என்று கேட்பது எப்படிச் சரியாகும்?

ஒரு வீட்டில் பந்தியில் கடைசியாக உட்காரவைத்துப் பாதி இலை பரிமாறிவிட்டு, இவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் எனக்குப் படுகிறது.

எண்ணிக்கை இல்லாமல் யாரையும் சேர்க்க முடியாது என்று நீங்களும் நினைக்கவில்லை. உங்கள் முதல் பட்டியலிலேயே பாரி ரிச்சர்ட்ஸ் இருக்கிறார். அவர் ஆடிய டெஸ்ட் நான்கு, எடுத்த ரன் 508. நிறவெறி அரசு நடந்த தென்னாப்பிரிக்காவை உலகம் ஒதுக்கிவைத்ததால் அவருக்கு அதற்குமேல் ஆட்டம் கிடைக்கவில்லை. அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும் என்று சொல்லி அவரைச் சேர்த்தீர்கள். நல்ல முடிவு. அந்தத் தாராள மனதை நைரோபிக்காரர் ஒருவருக்கும் காட்டுங்கள் என்கிறேன். ரிச்சர்ட்ஸுக்கு ஆட்டம் கிடைக்காமல் போனதில் அவருடைய தப்பு எதுவும் இல்லை. டிகோலோவுக்குக் கிடைக்காமல் போனதிலும் அவருடைய தப்பு எதுவும் இல்லை.

ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃப்ளவரை 2021இல் சேர்த்தீர்கள், அந்த நாட்டிலிருந்து முதல் ஆள். ஃப்ளவருக்கு 63 டெஸ்ட் கிடைத்தது, சராசரி 51. கணக்கிலேயே தேறிவிட்டார். அதுவும் ஆப்பிரிக்க நாடுதான், ஆனால் டிகோலோவுக்கு அந்தக் கணக்கை எழுத ஏடே தரப்படவில்லை.

1997இல் கோலாலம்பூரில் நடந்த ஐசிசி கோப்பை இறுதியாட்டத்தையும் சொல்ல வேண்டும். உங்களுடைய போட்டி, உங்கள் பெயரிலேயே நடந்தது. கென்யா எடுத்தது 241. அதில் டிகோலோ 147. மழை வந்து கணக்கு மாறி, 25 ஓவரில் 166 என்ற இலக்கைக் கடைசிப் பந்தில் எட்டி வங்கதேசம் ஜெயித்தது. டாக்கா தெருக்களில் கொண்டாடினார்கள். மூன்று வருடத்தில் வங்கதேசத்துக்கு டெஸ்ட் தகுதி வந்தது. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு பந்து மாறியிருந்தால் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

டிகோலோ ஒருவருக்காகக் கேட்டாலும் அவரோடு ஆடியவர்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாமஸ் ஒடோயோ, டெஸ்ட் ஆடாத நாட்டிலிருந்து ஒருநாள் ஆட்டத்தில் 100 விக்கெட் எடுத்த முதல் ஆள். 2007இல் துணை உறுப்பு நாடுகளின் சிறந்த ஒருநாள் வீரர் என்ற விருதை நீங்கள் முதன்முறையாகக் கொடுத்தபோது அதை வாங்கியவரும் அவர்தான். 1998இல் குவாலியரில் இந்தியா 69 ரன்னில் தோற்றதும், 2001இல் போர்ட் எலிசபெத்தில் 70 ரன்னில் தோற்றதும் இந்த அணியிடம்தான். ஹிதேஷ் மோடி என்று ஓர் இடது கை ஆட்டக்காரர். அவருடைய அப்பா சுபாஷ் மோடி நடுவர். வங்கதேசத்தோடு ஆடிய ஓர் ஆட்டத்தில் அப்பாவே விரலை உயர்த்தி மகனை எல்பிடபிள்யூ கொடுத்து அனுப்பினார். கென்ய கிரிக்கெட்டின் நேர்மைக்கு வேறு சாட்சி வேண்டுமா?

அப்புறம் ஆசிஃப் கரீம். ஓய்வு பெற்றுப்போய் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை 39 வயதில் திரும்பக் கூப்பிட்டு 2003 உலகக் கோப்பைக்குக் கொண்டுவந்தார்கள். டென்னிஸில் கென்யாவுக்காக டேவிஸ் கோப்பையும் ஆடியவர். மார்ச் 15, டர்பன், எதிரே ஆஸ்திரேலியா. முதலில் ஆடிய கென்யாவை பிரெட் லீ ஹாட்ரிக் எடுத்து உலுக்கிவிட்டார். டிகோலோ 51 அடித்து 174 வரை இழுத்து வந்தார். 175ஐ ஆஸ்திரேலியா ஊதித்தள்ளிவிடும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். கரீம் இடது கையால் மெதுவாக, காற்றில் மிதக்கவிட்டுப் போட்டார். பாண்டிங் எல்பிடபிள்யூ. லேமன் கீப்பரிடம் கேட்ச். ஹாக் அவரிடமே கேட்ச். 8.2 ஓவர், அதில் ரன்னே கொடுக்காத மெய்டன் ஓவர் 6, கொடுத்தது 7 ரன், எடுத்தது 3 விக்கெட். உலகக் கோப்பை நடப்பு சாம்பியனுக்கு எதிராக ஆறு மெய்டன்! ஆஸ்திரேலியா ஜெயித்தது. ஆனால் ஹாட்ரிக் எடுத்த லீக்கு அல்ல, தோற்ற அணியின் கரீமுக்குத்தான் ஆட்ட நாயகன் விருது. அந்தத் தொடரோடு அவர் மறுபடி வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கென்யாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்த முகம்தான்.

2003க்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது உங்களுக்கும் தெரியும். அரையிறுதி ஆடிய அணியை யாரும் தொடருக்குக் கூப்பிடவில்லை. 2004 முழுக்க அவர்கள் ஆடிய ஒருநாள் ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உள்ளூரிலும் குளறுபடி குறைவில்லை. சம்பளத் தகராறு, வீரர்கள் வேலைநிறுத்தம், வாரியத்துக்குள் சண்டை, கடைசியில் பழைய சங்கத்தையே கலைக்கவேண்டி வந்தது. பூனாவின் நாயகன் ஒடும்பே, சூதாட்டத் தரகர்களோடு தொடர்பு வைத்ததாக 2004இல் ஐந்து வருடத் தடை வாங்கினார். இதையெல்லாம் மறைக்க நான் வரவில்லை, ஒடும்பேவுக்காகவும் கேட்கவில்லை. ஆனால் இத்தனை குழப்பத்துக்கும் நடுவே அணியைத் தூக்கிச் சுமந்தவர் யார் என்று கேட்டால் மறுபடியும் அதே பெயர்தான் வருகிறது. 2011இல் ஓய்வு பெற்றவர், 2013இல் அணிக்கு ஆள் தேவைப்பட்டபோது 42 வயதில் மறுபடி மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். 2014 ஜனவரியில் நியூசிலாந்தில் நடந்த தகுதிச் சுற்றோடு கென்யாவின் ஒருநாள் தகுதியும் போய்விட்டது. பிறகு பக்கத்து நாடான உகாண்டாவின் அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போனார்.

சேப்பாக்கத்தில் அந்த 69ஐப் பார்த்துவிட்டு வந்த அதே வருடம் ஏப்ரலில், அடுத்த உலகக் கோப்பைக்குப் பத்து அணி போதும் என்று முடிவெடுத்தீர்கள். எதிர்ப்பு வந்ததால் 2015க்கு மட்டும் அந்த முடிவை மாற்றிக்கொண்டீர்கள், ஆனால் 2019இலும் 2023இலும் பத்துதான். சின்ன நாடுகள் மோசமாக ஆடி ஆட்டத்தின் தரத்தைக் குறைக்கின்றன என்ற பேச்சை அப்போது நிறையக் கேட்டோம். அன்று முன்வரிசைப் பையன்கள் கேட்டதும் இதே கேள்விதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கண்டியையும் பூனாவையும் அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்தவர்கள் எடுத்துச் சொன்னால்தானே தெரியும்? ஆட்டத்தை நடத்துகிற நீங்கள் சொன்னால் எங்கள் அப்பா சொல்வதைவிட இன்னும் தூரம் போய்ச் சேரும்.

அதனால் ஒரு யோசனையும் வைக்கிறேன். 2027இல் உலகக் கோப்பை மறுபடி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா. பதினான்கு அணிகள். கடைசியாக 50 ஓவர் உலகக் கோப்பை அங்கே நடந்தது 2003இல், அப்போது கென்யாவும் நடத்திய நாடுகளில் ஒன்று. இந்த முறை நைரோபியில் ஆட்டம் இல்லை. டிகோலோவுக்கு அப்போது 56 வயது இருக்கும். அரங்கத்தின் அந்த வருடப் பட்டியலில் அவர் பெயரைச் சேருங்கள். அரையிறுதி ஆடிய அதே டர்பன் மைதானத்தில், இரண்டு இன்னிங்ஸுக்கு நடுவே உள்ள இடைவேளையில், அவரை அழைத்து நிறுத்துங்கள். விழா பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கரீம், ஒடோயோ, ஒபூயா, ஒட்டியேனோ, மார்ட்டின் சூஜி, டோனி சூஜி, ஹிதேஷ் மோடி என்று 2003 அணியில் வர முடிந்தவர்கள் அத்தனை பேருக்கும் டிக்கெட் எடுத்துக்கொடுத்து வரவழையுங்கள். எல்லைக்கோட்டுக்கு அருகில் அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள்.

முரளியையும் சங்கக்காரவையும் கேட்டால் பெயரை வாசிக்க அவர்களே வருவார்கள் என்று நம்புகிறேன். நைரோபியில் அன்று எதிரே நின்றவர்கள் அவர்கள்தானே.

அப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது, ராத்திரி ஆட்டங்களை முழுதாகப் பார்ப்பதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் அவரை எழுப்பி உட்காரவைக்கிறேன்.

அன்புடன்,
சேப்பாக்கத்தில் அன்று இரண்டாவது ஆளாகக் கைதட்டியிருக்க வேண்டிய மகன்